மாப்பிள்ளைத் தோழனுக்கு ஓர் இருக்கை

ஆகாயத்தைப் பற்றி அருளம்பலம் முதலாளிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: புகையிலை வெட்டிக் காயப்போடுகிற நாட்களில் அது மழையைக் கொட்டக்கூடாது. அப்படிப்பட்ட மனிதர் 1936ஆம் ஆண்டு ஓர் ஆகாய விமானம் வாங்கினார். முழு விமானம் இல்லை. சீமையில் ஒரு கம்பனி மரச்சட்டம், இறக்கையாகப் பூட்டுகிற செட்டைக்குத் துணி, சக்கரம், கம்பி, ஆணி என்று எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக அடைத்து அனுப்பும். வாங்கினவர் தன் வளவில் வைத்துத் தானே பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். உரும்பிராயில் இருந்த மைத்துனர் தன் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையைப் புதுக்காரில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அன்றையிலிருந்து அருளம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. தன் மகளைக் கட்டப்போகிறவன் ஆகாயக்கப்பலில் வரவேண்டும், அதைப் பார்த்து மைத்துனரின் வயிறு பற்றி எரியவேண்டும். ஒரு விமானம் வாங்க இதைவிடக் கேவலமான காரணம் உலகத்தில் இருக்குமா என்று துரைராஜா யோசித்துப் பார்த்தான். அகப்படவில்லை.

ஆனால் அந்தக் கம்பனியின் புத்தகத்தை நீர்வேலிக்குக் கொண்டுபோய் முதலாளியின் மடியில் விரித்து வைத்தவனே துரைராஜாதான். கோப்பாய்க்காரன். கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்களின் பறப்புக் கழகம் ஒன்றில் ஐந்து வருடம் விமானத்துக்கு எண்ணெய் போட்டு, எஞ்சின் கழற்றிப் பூட்டி, கடைசியில் ஆட்குறைப்பில் ஊருக்கு வந்து சேர்ந்தவன். அங்கே துரைமார் நல்ல மனநிலையில் இருந்தால் அவனையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆகாயத்தில் வைத்துக் கையில் ஓட்டக் கொடுப்பார்கள். நன்றாகவே ஓட்டினான். ஆனால் தனியாக ஒரு தடவை? அதுமட்டும் கிடையாது. எஞ்சின் பூட்டுகிற ஒரு பிற்றரை நம்பி யார் விமானத்தைக் கொடுப்பது? அந்த ஒரு தடவைதான் அவனுக்கு வேண்டியிருந்தது. தனியாக மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி, தனியாகவே இறங்கவேண்டும். அதற்குப் பிறகு விமானத்தை அருளம்பலம் கோழிக்கூடாக்கினாலும் அவனுக்குக் கவலையில்லை.

இதை அவன் மனைவி சுகிர்தம் கலியாணமான நாள் முதல் கேட்டுக்கொண்டு வருகிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள்; அதிகம் பேசமாட்டாள். "அந்தத் துரைமார் மட்டும் குறுக்கை நில்லாட்டி" என்று அவன் தொடங்கினால், அவள் கொப்பித் திருத்தத்தைத் தொடர்ந்துகொண்டே "ஓம்" என்பாள்.

பெட்டிகள் ரயிலில் வந்து, மாட்டு வண்டிலில் ஏறி, முதலாளியின் புகையிலைக் கொட்டிலில் இறங்கின. அதுவரை சும்மா இருந்த முதலாளி அன்றைக்கே நிபுணராகிவிட்டார். கொட்டில் வாசலில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டு, வெற்றிலைத் தட்டத்தைப் பக்கத்தில் வைத்து, காலை ஆட்டத் தொடங்கினார்.

முதலில் எஞ்சின். கம்பனி இரண்டு விதம் காட்டியிருந்தது. ஒன்று சின்னது, பாரம் குறைவு, எண்ணெய் குறைவாகக் குடிக்கும். மற்றது பெரியது. எது நல்லதென்று துரைராஜா விளக்க வாயெடுத்தான்.

"உதெல்லாம் இருக்கட்டும் தம்பி," என்றார் முதலாளி. "எது கூடச் சத்தம் போடும்?"

"என்ன?"

"சத்தம், சத்தம். உரும்பிராய் மட்டும் கேக்கிறது எது?"

பெரிய எஞ்சின் என்று துரைராஜா சொன்னான். அப்படியானால் அதுதான் என்று முடிவாயிற்று. பெரியதற்கு இழுவை அதிகம், அவனுக்கும் அதுவே விருப்பம். விசரன் சொன்னாலும் சரியான விடையைத்தானே சொன்னான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான்.

அடுத்தது தலைக்கு மேல் மூடி. கண்ணாடி மூடி போட்டால் காற்று அடிக்காது. போடாவிட்டால் பாரம் குறையும். முதலாளி இரண்டையும் பொருட்படுத்தவில்லை. "மூடி போட்டால் மாப்பிள்ளையின்ரை தலைப்பா தெரியுமோ? தெரியாதெல்லே. பிறகு என்னத்துக்கு மூடி?" அதுவும் துரைராஜாவுக்கு வசதிதான். முகத்தில் காற்று அடிக்காமல் பறப்பது குளிக்கிற அறைக்குள் கடலைத் தேடுவது மாதிரி என்பது அவன் எண்ணம். அதற்கும் தலையாட்டினான்.

செட்டை விஷயத்தில் மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. கீல் வைத்து மடக்குகிற செட்டையும் கிடைக்கும், திருகுகிற புரியாணி போட்டு இறுக்குகிற செட்டையும் கிடைக்கும். கீலின் பாரத்தைக் காவிக்கொண்டு பறக்கவேண்டும் என்பதால் மடங்காத செட்டைதான் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். முதலாளி கையை விசிறி, "உமக்கு விருப்பமானதைச் செய்யும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பெரிய வெற்றி பெற்றவன் போல இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

செட்டையில் எழுத்து எழுதுகிற நாள் வந்தது. மணமக்களின் பெயரும் "நல்வரவு" என்ற சொல்லும் சிவப்பு வர்ணத்தில் வரவேண்டுமாம். கீழ்ப்பக்கத்தில் எழுதலாம் என்று துரைராஜா சொன்னான். மேலே போனதும் சனத்துக்குத் தெரிவது அந்தப் பக்கம்தானே.

"கீழையோ? சனம் குனிஞ்சோ வாசிக்கிறது?" என்றார் முதலாளி. "உடம்பிலை, பக்கவாட்டிலை எழுதும்."

இந்த மனிதரின் தலைக்குள் இருப்பது மூளையா புகையிலைத் தூளா என்று துரைராஜா வியந்தான். வியந்துவிட்டுப் பக்கவாட்டில் எழுதினான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக் கொஞ்சம் யோசித்திருந்தால் மிச்சமெல்லாம் அவனுக்கு அன்றைக்கே விளங்கியிருக்கும். ஆனால் அடுத்தவனை மொக்கன் என்று முடிவுகட்டிய ஆள், அவன் சொல்வதைக் காதில் போடுவதில்லை.

இருக்கை விஷயம் வந்தபோதுதான் அவனுக்கு மூக்கு நுனி சிவந்தது. விமானத்தில் இரண்டு குழி, ஒன்றன் பின் ஒன்றாக. ஓட்டுகிறவன் பின்குழியில் இருப்பான். கூடவருகிறவன் முன்குழியில், செட்டைக்கு நேரே. முன்குழியில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானத்தின் நிறை தளம்பாது. கம்பனிக்காரன் மடையன் இல்லை, கணக்குப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

முதலாளி கதிரையை விட்டு எழும்பி வந்து இரண்டு குழிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை எதிலை?"

"முன்னுக்கு."

"ஓட்டுறவன்?"

"பின்னுக்கு. நான்தான்."

முதலாளியின் வாயில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றது. "என்ன கதை கதைக்கிறீர்? வண்டிலிலை ஓட்டுறவன் எங்கை இருக்கிறவன்? காரிலை எங்கை இருக்கிறவன்? முன்னுக்கு. பெரியவை பின்னுக்கு. எங்கடை மாப்பிள்ளையைச் சாரதியின்ரை இடத்திலை குந்தவைச்சுப்போட்டு, நீர் பின்னாலை துரை மாதிரி வாறதோ?"

"முதலாளி, உது வண்டில் இல்லை. பின்னுக்குப் பாரம் ஏறினால்..."

"அதோடை இதென்ன, ஒராள் இருக்கிற குழி? தோழன் எங்கை இருக்கிறது?"

துரைராஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் அருகில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டான். மாப்பிள்ளை என்றால் பக்கத்தில் தோழன். தோழன் இல்லாமல் மாப்பிள்ளை வாசல் படி தாண்டமாட்டான். தோழன் முன்குழியில் இருந்தால் மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டியதாகும். மாப்பிள்ளைக்குப் பின்னால் இருந்தால் வேலைக்காரன் போலத் தெரியும். ஆகவே பின்குழியில், இரண்டு பேரும் தோளோடு தோள் உரச, சோடியாக இருக்கவேண்டும். தோழன் வேறு யாருமில்லை, அச்சுவேலியில் இருக்கிற மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தமையன். ஒரு தாச்சிப் பிட்டைத் தனியாக முடிக்கிற ஆள்.

"பின்னுக்கு ரெண்டு பேர் ஏறினால் வால் தாழும், மூக்கு ஏறும்," என்று துரைராஜா கத்தினான். "மூக்கு ஏறினால் வேகம் செத்துப்போம். பிறகு பனையிலையிருந்து குரும்பை விழுந்த மாதிரி விழவேண்டியதுதான். மாப்பிள்ளை, தோழன், நான், மூண்டு பேரும்!"

"கத்தாதையும் தம்பி. முன்னுக்கு ஏதும் பாரம் வையுமன். உதுக்கும் நான்தான் வழி சொல்லவேணுமோ?"

வழி சொல்லிவிட்டுப் புகையிலைக்காரர் சாய்மனைக் கதிரைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

துரைராஜா அன்றைக்கே அந்தக் கொட்டிலை விட்டு வெளியேறியிருக்கலாம். ரோசமுள்ளவன் வெளியேறியிருப்பான். இவன் வீட்டுக்குப் போய் முதலாளியின் ஏழு தலைமுறையையும் திட்டினான். நீர்வேலிச் சனத்தைத் திட்டினான். வாழைத்தோட்டத்துக்கு அப்பால் உலகமே கிடையாது என்றிருக்கிற கூட்டம் என்றான். தோழனைக் கோவில் மாடு என்றான்.

"அப்ப விடப்போறியளோ?" என்று சுகிர்தம் கேட்டாள்.

"விடுறதோ? உமக்கென்ன தெரியும்? உந்தக் கோதாரி விழுந்த கலியாணத்துக்கு முன்னம் ஒருக்கால் ஓட்டிப் பாக்கத்தானே வேணும். அப்ப நான் தனிய. முன்னுக்குப் பாரமாய் வைக்கிற இரும்பைக் கழட்டி, பின்னுக்கு என்ரை நிறை அளவுக்கு மண்மூட்டையைக் கட்டிவிட்டால் எல்லாம் சரி. அதுக்குப் பிறகு அவையின்ரை மாப்பிள்ளையை அவையே பாத்துக்கொள்ளட்டும்."

அவள் தலையசைத்தாள். கணக்குச் சரிதான்.

அப்படியே செய்தான். நல்ல மரச்சட்டத்தை வாளால் அறுத்து, அகட்டி, பின்குழியில் இரண்டு பேர் இருக்கிற மாதிரிச் சிவப்புப் பட்டு விரித்த ஒரு நீட்டு வாங்கை இறக்கினான். ஓட்டுகிற கம்பிகளையெல்லாம் முன்குழிக்கு மாற்றினான். மூக்குக்குள் இரும்புக் கட்டிகளைப் புரியாணி போட்டு இறுக்கினான். அறுத்த ஒவ்வோர் அறுவைக்கும் முதலாளியை ஒரு வசை வைதான். வாய் ஓயவில்லை, கையும் ஓயவில்லை. யாராவது எட்டிப் பார்த்து "அண்ணை, உது என்ன சாமான்?" என்று கேட்டால், "சொன்னால் மட்டும் விளங்கப்போகுதோ?" என்று விரட்டிவிடுவான்.

கலியாணம் பங்குனியில். ஊருக்கு வெளியே கிடக்கிற வல்லை வெளி நீர் வற்றி, இறுகி, தட்டுப் போலக் கிடந்தது. விமானத்தை அங்கே கொண்டுபோய், கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு, செட்டைகளைப் பூட்டி நிறுத்தினார்கள். எஞ்சினை முடுக்கினான், நாரைகள் எல்லாம் கூட்டமாக எழும்பிப் போயின. பழுதில்லை. அவன் அறுத்ததையும் அகட்டியதையும் தாங்கிக்கொண்டு அந்தச் சாமான் மூக்கை உயர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி நின்றது. துரைராஜா அதை ஒரு தரம் சுற்றி வந்தான். அழகாகத்தான் இருந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் முதலாளி படம்பிடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். செட்டையில் கைவைத்தபடி ஒன்று, மூக்கிலிருந்த விசிறிக்கு முன்னால் ஒன்று, வாங்கில் ஏறியிருந்து ஒன்று என்று எடுத்து முடித்தார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி தம்பி, இனி செட்டையைக் கழட்டும்."

"என்ன?"

"செட்டையை. நாளைக்குப் பின்னேரம் மாப்பிள்ளை ஊர்வலம் எங்கடை ஒழுங்கையாலை வரவேணுமெல்லே. ரெண்டு பக்கமும் வேலி. உது நுழையுமோ? நீர்தானே மடக்கேலாத செட்டை வேணுமெண்டு அடம்பிடிச்சனீர்."

"ஊர்வலமோ? முதலாளி, மாப்பிள்ளை பறந்தெல்லே வாறார்? உங்கடை தோட்டத் தறையிலை இறக்கலாமெண்டெல்லே நான் இருந்தனான்?"

முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது. இவ்வளவு காலமும் துரைராஜா அவரைப் பார்த்த அதே பார்வை.

"ஆர் சொன்னது பறக்கிறதெண்டு? உமக்கென்ன விசரோ? சீதனம் முழுக்க எழுதிக் குடுத்துப்போட்டு மாப்பிள்ளையை ஆகாயத்திலை அனுப்புவனோ? அவர் விழுந்து கிழுந்து போனால் என்ரை பிள்ளையின்ரை கதி என்ன? ஆகாயக்கப்பலிலை வாறதெண்டுதானே சொன்னனான். சக்கரம் இருக்கு, எஞ்சின் இருக்கு, றோட்டாலை ஓட்டும். செட்டை ரெண்டையும் வண்டிலிலை ஏத்தி, ஒண்டை முன்னுக்கும் ஒண்டைப் பின்னுக்கும் விடுவம். சனம் வடிவாய்ப் பாக்கட்டும்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஆகவே நீர்வேலிக்காரருக்கு மூளை இல்லாமலில்லை. மூளை இல்லாமல் இவ்வளவு நாளும் கொட்டிலில் உழைத்தவன் யார் என்பது இப்போது வெளிச்சம்.

பின்னேரம் சாப்பாட்டு வாளியோடு சுகிர்தம் வந்தபோது துரைராஜா செட்டையின் நிழலில் குந்தியிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னான். சொல்லும்போதே வெறி ஏறியது. சூதாடி, கள்ளன், பட்டிக்காட்டான் என்று வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. அவள் வாளியைக் கீழே வைத்துச் சுற்றிவரப் பார்த்தாள். வெளி முழுக்க ஒரு குருவி இல்லை. காற்றே இல்லை; அவளுடைய சேலைத் தலைப்பு அசையாமல் தொங்கியது.

"செட்டை இன்னும் கிடக்குத்தானே," என்றாள்.

"அதுக்கென்ன?"

"எண்ணெய் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப போங்கோவன். ஒருக்கால் ஓடிப்போட்டு வந்து கழட்டுங்கோ. இண்டைக்குக் குறுக்கை நிக்க ஆர் இருக்கினம்?"

துரைராஜா எழும்பி நின்றான். மூக்கிலிருந்த இரும்பைக் கழற்றினான். சிவப்புப் பட்டு வாங்கில் மண்மூட்டையை வைத்துக் கட்டினான். விசிறியைச் சுழற்றிவிட்டு, முன்குழிக்குள் ஏறினான். சக்கரத்துக்கு வைத்த கட்டைகளைச் சுகிர்தம் இழுத்து எடுத்தாள்.

விமானம் உருண்டது. உருண்டு ஓடியது. வால் தரையை விட்டுக் கிளம்பியது. மூக்கு இறங்கி, வெளி முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. சக்கரங்களின் குலுக்கம் குறைந்து, குறைந்து, கடைசியில் ஒரு மெல்லிய தடவல் மட்டும் இருந்தது. கம்பனிக்காரனின் கணக்கு சரி, இவன் அறுத்து மாற்றிய கணக்கும் சரி. சாமான் எழும்புவதற்குத் தயாராக இருந்தது. ஓட்டுகிற தடியை ஒரு விரற்கடை இழுத்தால் போதும்.

பயம் வந்தது. வேறொன்றுமில்லை, வெறும் பயம். பக்கத்தில் துரை இல்லை, பிழைவிட்டால் பிடித்துக்கொள்ள ஆளில்லை, திட்டுவதற்குக்கூட ஒருவருமில்லை. அவனுடைய இடதுகை தானாக எஞ்சினை அடக்கியது. வால் தொப்பென்று தரையில் விழுந்தது. வெளியின் அந்தத் தொங்கலில், மறு விளிம்பில், விமானம் நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது.

திரும்பி உருட்டிக்கொண்டு வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் இறங்கும்போதே வாய் வந்துவிட்டது.

"குறுக்கைக் காத்து," என்றான்.

சுகிர்தம் கட்டைகளை எடுத்துத் திரும்பவும் சக்கரத்துக்கு வைத்தாள்.

"அதோடை உந்தச் சனத்துக்குப் பறந்து காட்டி என்ன பிரயோசனம்? மாட்டுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத சனம். உவைக்கு முன்னாலை..."

"சனம் ஆர் நிண்டது?" என்றாள் சுகிர்தம். "நான் மட்டும்தானே நிண்டனான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் தப்பான விடையைச் சொன்ன பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். அவன் சாப்பிடாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் இடது செட்டையின் முதல் புரியாணியைக் கழற்றினான்.

அடுத்த நாள் ஊர்வலம் அமர்க்களம். மேளம், நாதசுரம், பெற்றோல்மாக்ஸ் விளக்குகள், முன்னால் வண்டிலில் ஒரு செட்டை, பின்னால் வண்டிலில் மற்றச் செட்டை. நடுவில் இறகு பிடுங்கிய கோழி மாதிரி விமானம் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. சனம் வேலிமேல் ஏறி நின்று ஆர்ப்பரித்தது. உரும்பிராய் மைத்துனரின் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள், அருளம்பலம் இரண்டு தரம் பார்த்தார். முன்குழியில் வெள்ளைக் கோட்டும் தலைப்பாவுமாகத் துரைராஜா இருந்தான். முதலாளி கொடுத்த தலைப்பா. பின்னால் சிவப்புப் பட்டு வாங்கில் மாப்பிள்ளையும் தோழனும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஒழுங்கைத் திருப்பத்தில் வண்டில் மாடு மிரண்டதால் எல்லாம் நின்றது. மாப்பிள்ளை இளந்தாரி, கொழும்பில் உத்தியோகம். முன்னால் குனிந்து துரைராஜாவின் தோளைத் தொட்டான்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? செட்டையைப் பூட்டினால் உண்மையிலை உது பறக்குமோ? நீங்கள் ஓட்டுவியளோ?"

துரைராஜா வாயைத் திறந்தான். எத்தனையோ விடை நுனிநாக்கில் நின்றது. கேட்டவனை ஒரே வார்த்தையில் புழுவாக்குகிற விடைகள். அப்போதுதான் வேலியோரத்தில், ஆலாத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு நடுவில், சுகிர்தத்தைக் கண்டான். அவள் விமானத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உது பறக்கும், தம்பி," என்றான். "எனக்கு ஏலாது."